தேடல் ஃபில்டரில் நல் வரும்போது: குவெரியைப் படிப்படியாக எழுதும் முழு வழிகாட்டி

ஒரு புகார்ப் பட்டியல் திரை. பகுதி, பொறுப்பாளர், தேதி என்று மூன்று நான்கு ஃபில்டர்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல் 'தேடு' என்று அழுத்தினால் எல்லாப் புகார்களும் வர வேண்டும். பாதிகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நல் மதிப்பைத்தான்: 'இங்கே மதிப்பே இல்லை' என்று டேட்டாபேஸ் வைக்கும் அடையாளம் அது. டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்விதான் குவெரி.

இதில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு நல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பயனர் அனுப்பும் பாராமீட்டரில் (குவெரிக்குள் போகும் மதிப்பில்) வருவது. அதற்கு "இந்த ஃபில்டர் எனக்கு வேண்டாம்" என்று பொருள். இன்னொன்று டேபிளில் கிடப்பது. அதற்கு "இந்தப் பதிவில் இந்தப் புலம் நிரப்பப்படவில்லை" என்று பொருள். குவெரியில் எந்த இடத்தில் எந்த நல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருந்தால் மீதி வேலை சுலபம். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதற்காகத்தான்: முதலில் தரவு, அப்புறம் பயனரின் கேள்வி, கடைசியில்தான் குவெரி.

குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லின் கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன்: 'வேர்' என்ற சொல்லுக்குப் பிறகு நிபந்தனைகள் வரும்; 'ஆண்ட்' என்றால் மற்றும், 'ஆர்' என்றால் அல்லது, 'நாட்' என்றால் இல்லை, 'இஸ் நல்' என்றால் 'நல் ஆக இருக்கிறதா'. நீங்கள் அடிக்கும்போது வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள். முன்னால் முக்காற்புள்ளி போட்டிருப்பவை பாராமீட்டர்கள்.

## தொடங்கும் முன் வேண்டியவை

கையில் ஒரு சோதனை டேட்டாபேஸ், அதில் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த ஒரு சின்ன டேபிள். நிஜத் தரவில் சோதித்தால் லட்சம் பதிவில் நாற்பது காணாமல் போனது கண்ணுக்குத் தெரியாது. ஆறு பதிவில் ஒன்று போனாலும் தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்கப் பயன்படும் டேபிள் இது:

```
புகார்
எண் | விவரம்             | பகுதி     | பொறுப்பாளர் | முடிந்த_நாள்
1   | குழாய்க் கசிவு       | அ பிளாக்  | செல்வி      | 2024-03-04
2   | லிஃப்ட் நிற்கிறது     | ஆ பிளாக்  | முருகன்      | நல்
3   | விளக்கு எரியவில்லை  | அ பிளாக்  | நல்         | நல்
4   | மோட்டார் ஓடவில்லை  | நல்       | செல்வி      | நல்
5   | கதவுப் பூட்டு         | ஆ பிளாக்  | நல்         | நல்
6   | தண்ணீர் தேக்கம்      | நல்       | நல்         | 2024-03-09
```

ஆறாவது பதிவைக் கவனியுங்கள். யாருக்கும் ஒதுக்கவில்லை, ஆனாலும் முடிந்துவிட்டது. தண்ணீர் தானாகவே வடிந்திருக்கும். நிஜத் தரவில் இப்படி விசித்திரமான சேர்க்கைகள் கட்டாயம் இருக்கும். அதனால் சோதனையிலும் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சின்னத் தயாரிப்பு. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் கமாண்ட் லைனில் நல் மதிப்பு வெற்றிடமாகத்தான் தெரியும்; வெற்றுச் சரமும் (ஒரு எழுத்தும் இல்லாத உரை) அப்படியே தெரியும். '\பிசெட் நல்' கட்டளையால் அதற்கு ஏதாவது அடையாளம் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் பின்னால் வரும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

## 1. எந்தப் புலங்களில் நல் வரும் என்று எண்ணிப் பாருங்கள்

குவெரியைத் தொடும் முன் இதை ஓட்டுங்கள்:

```
செலக்ட் கவுண்ட்(*), கவுண்ட்(விவரம்), கவுண்ட்(பகுதி),
       கவுண்ட்(பொறுப்பாளர்), கவுண்ட்(முடிந்த_நாள்)
ஃப்ரம் புகார்
```

விடை 6, 6, 4, 3, 2. நட்சத்திரம் போட்ட கவுண்ட் எல்லாப் பதிவையும் எண்ணும். புலத்தின் பெயரைக் கொடுத்தால் அதில் நல் உள்ள பதிவுகளை விட்டுவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நல் எண்ணிக்கை.

டேபிள் வரையறையைப் பார்த்தாலே போதாதா என்று கேட்கலாம். போதாது. வரையறை 'நல் வரலாம்' என்று மட்டும்தான் சொல்லும். உண்மையில் வருகிறதா என்று சொல்லாது. 'நாட் நல்' என்று கட்டுப்பாடு உள்ள புலங்களைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள், அவற்றுக்குச் சாதாரணக் குவெரி போதும். நம் டேபிளில் விவரம் அப்படிப்பட்டது. கட்டுப்பாடு இல்லை, ஆனால் இன்றைக்கு நல் எதுவும் இல்லை என்றால், நாளைக்கு வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

## 2. நல் என்றால் அந்தப் புலத்தில் என்ன பொருள் என்று ஒரு வரி எழுதுங்கள்

பொறுப்பாளர் நல் என்றால் இன்னும் யாருக்கும் ஒதுக்கவில்லை. முடிந்த_நாள் நல் என்றால் புகார் திறந்திருக்கிறது. பகுதி நல் என்றால்? பொதுவான இடமா, பதிவு செய்தவர் நிரப்ப மறந்தாரா? அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது ஏன் குவெரிக்கு முன்னால் வருகிறது என்றால், "செல்வியைத் தவிர மற்றவர்களின் புகார்கள்" என்று கேட்டால் ஒதுக்கப்படாதவை அதில் சேருமா என்பதை எஸ்கியூஎல் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது தானே தீர்மானித்துவிடும், பெரும்பாலும் உங்களுக்கு வேண்டாத பக்கமாக.

## 3. ஒவ்வொரு ஃபில்டருக்கும் மூன்று நிலைகளைக் கேளுங்கள்

அநேகம் பேர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்: ஃபில்டர் கொடுக்கவில்லை, ஒரு மதிப்பு கொடுத்தார்கள். மூன்றாவது ஒன்று உண்டு: "நிரப்பப்படாதவை மட்டும் வேண்டும்". பொறுப்பாளர் ஃபில்டரில் அது 'யாருக்கும் ஒதுக்காதவை'. திரையில் அந்தத் தேர்வு இல்லாவிட்டால் சரி, இரண்டு போதும். இருந்தால், ஒரே பாராமீட்டரின் நல்லை வைத்து மூன்று நிலைகளைச் சொல்லவே முடியாது. இதை இப்போதே கண்டுபிடிக்காவிட்டால், குவெரி எழுதி முடித்த பிறகு யாராவது வந்து கேட்பார்கள். அப்போது முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

## 4. உள்ளே வரும் மதிப்பை வாசலிலேயே சுத்தம் செய்யுங்கள்

வலைப் படிவத்தில் காலியாக விட்ட கட்டம் நல் ஆக வராது. வெற்றுச் சரமாக வரும். சில சமயம் இரண்டு இடைவெளிகளாக வரும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் கவனக்குறைவாக இருந்தால் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள் கொண்ட 'நல்' என்ற சொல்லே சரமாக வந்து சேரும். குவெரி இவை ஒவ்வொன்றையும் உண்மையான மதிப்பு என்று நினைத்துத் தேடும், ஒன்றும் கிடைக்காது.

அதனால் செயலியின் நுழைவாயிலில் ஒரே இடத்தில் முன்பின் இடைவெளிகளை வெட்டி, மிஞ்சியது வெற்றுச் சரம் என்றால் நல் ஆக்கிவிடுங்கள். இதை ஒவ்வொரு குவெரிக்குள்ளும் செய்யாதீர்கள். பத்துக் குவெரிகளில் ஒன்பதில் செய்து ஒன்றில் மறப்பதுதான் வழக்கம்.

ஆரக்கிளில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி: அங்கே வெற்றுச் சரமே நல் தான். ஆகவே 'பகுதி = வெற்றுச் சரம்' என்ற நிபந்தனை அங்கே ஒருபோதும் உண்மையாகாது. மற்ற டேட்டாபேஸிலிருந்து ஆரக்கிளுக்கு மாறும்போது இது நன்றாகவே கடிக்கும்.

## 5. ஒப்பீடு மூன்று விடை தரும் என்பதை மனத்தில் ஏற்றுங்கள்

எஸ்கியூஎல்லில் ஒரு நிபந்தனை உண்மை, பொய், தெரியாது என்ற மூன்றில் ஒன்றாக முடியும். எதையும் நல்லோடு ஒப்பிட்டால் விடை 'தெரியாது'. நல்லை நல்லோடு ஒப்பிட்டாலும் அதேதான். 'தெரியாது' என்பதற்கு முன்னால் நாட் போட்டாலும் தெரியாதுதான்.

ஆண்ட் போட்டால், ஒரு பக்கம் பொய் என்றாலே மொத்தமும் பொய். ஆர் போட்டால், ஒரு பக்கம் உண்மை என்றாலே மொத்தமும் உண்மை. மற்ற இடங்களில் 'தெரியாது' ஒட்டிக்கொண்டே வரும். கடைசியில் வேர் பகுதி உண்மையானவற்றை மட்டுமே உள்ளே விடும்; பொய்யும் தெரியாததும் வெளியே.

ஒரு தகவல் இங்கே உதவும். செக் கட்டுப்பாடு (டேபிளுக்குள் எந்த மதிப்பு நுழையலாம் என்று வைக்கும் விதி) இதற்கு நேர் எதிர். அது பொய்யை மட்டும் மறுக்கும், தெரியாததை அனுமதித்துவிடும். 'தொகை சுழியத்தை விடப் பெரியது' என்று செக் வைத்திருந்தாலும் தொகையில் நல் உள்ளே போவது இதனால்தான்.

இதன் விளைவு எவ்வளவு நுணுக்கமானது என்று ஒரு குவெரியில் பார்க்கலாம்:

```
வேர் நாட் (பகுதி = 'அ பிளாக்' ஆண்ட் பொறுப்பாளர் = 'செல்வி')
```

முதல் பதிவு மட்டும்தான் அந்த இரண்டுக்கும் பொருந்துகிறது. எனவே மீதி ஐந்தும் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது 2, 5 இரண்டும் மட்டுமே. ஐந்தாம் பதிவில் பொறுப்பாளர் நல் ஆக இருந்தும், பகுதி 'ஆ பிளாக்' என்பதால் ஒரு பக்கம் பொய்யாகிவிடுகிறது. நாட் அதை உண்மையாக்குகிறது. மூன்றாம் பதிவில் பகுதி பொருந்துகிறது, பொறுப்பாளர் தெரியாது, மொத்தமும் தெரியாது. நான்காவதும் ஆறாவதும் அப்படியே வெளியே போகின்றன. நல் உள்ள சில பதிவுகள் தப்புவதும் சில விழுவதும்தான் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவிடாமல் செய்கிறது. எல்லாமே விழுந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

## 6. விருப்ப ஃபில்டரை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்

இப்போதுதான் குவெரி. ஒரு ஃபில்டருக்கு அடிப்படை வடிவம்:

```
செலக்ட் * ஃப்ரம் புகார்
வேர் (:பகுதி இஸ் நல் ஆர் பகுதி = :பகுதி)
  ஆண்ட் (:பொறுப்பாளர் இஸ் நல் ஆர் பொறுப்பாளர் = :பொறுப்பாளர்)
```

இஸ் நல் என்று சோதிப்பது பாராமீட்டரை, புலத்தை அல்ல. பாராமீட்டர் காலியாக வந்தால் இடது பக்கம் உண்மை, உடனே மொத்த அடைப்பும் உண்மை, புலத்தில் என்ன இருந்தாலும் கவலையில்லை. மதிப்பு வந்தால் இடது பக்கம் பொய், வலது பக்கம் வேலை செய்யும். இரண்டு பாராமீட்டரும் நல் என்றால் ஆறு பதிவுகளும் வரும்.

அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. ஆண்ட் ஆரை விட முன்னதாகச் சேரும். அடைப்பை விட்டுவிட்டால் முதல் பாராமீட்டர் நல் ஆனவுடன் இரண்டாம் ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

இந்த இடத்தில் பார்க்க அழகாக இருக்கும் ஒரு குறுக்குவழி பல திட்டங்களில் உலவுகிறது:

```
வேர் பகுதி = கோலெஸ்(:பகுதி, பகுதி)
  ஆண்ட் பொறுப்பாளர் = கோலெஸ்(:பொறுப்பாளர், பொறுப்பாளர்)
```

கோலெஸ், கொடுத்தவற்றில் நல் அல்லாத முதல் மதிப்பைத் தரும். பாராமீட்டர் இல்லாவிட்டால் புலத்தை அதனுடனேயே ஒப்பிடு, அது எப்போதும் உண்மை என்ற எண்ணம். ஆனால் புலம் நல் என்றால் நல் = நல், விடை தெரியாது. நம் டேபிளில் பகுதி நிபந்தனையைத் தாண்டுபவை 1, 2, 3, 5. பொறுப்பாளர் நிபந்தனையைத் தாண்டுபவை 1, 2, 4. இரண்டையும் தாண்டுபவை 1, 2 மட்டும். எந்த ஃபில்டரும் போடாமல் ஆறில் நான்கைத் தொலைத்துவிட்டோம். ஆரம்பத்தில் சொன்ன திரையின் நோய் பெரும்பாலும் இதுதான். நாட் நல் புலத்தில் இந்த வடிவம் சரியாகவே ஓடும். நாளைக்கு யாராவது அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தால் சத்தமில்லாமல் உடையும். எனவே நான் எந்தப் புலத்திலும் இதை ஏற்றுக்கொள்வதில்லை.

கோலெஸ் செய்யும் இந்த வேலைக்கு ஒவ்வொரு டேட்டாபேஸில் ஒவ்வொரு பெயரும் உண்டு. ஆரக்கிளில் என்விஎல், மைஎஸ்கியூஎல்லில் இஃப்நல், எஸ்கியூஎல் சர்வரில் இஸ்நல். பெயர் மாறினாலும் பிழை மாறாது. எஸ்கியூஎல் சர்வரின் இஸ்நல்லில் இன்னொரு பொறியும் உண்டு: அது முதல் மதிப்பின் வகையையே எடுத்துக்கொள்ளும். ஐந்து எழுத்து அகலப் பாராமீட்டரைக் கொடுத்தால் புலத்தின் மதிப்பும் ஐந்து எழுத்தாக வெட்டப்படும்.

போஸ்ட்கிரஸில் மட்டும் ஒரு பிழைச் செய்தி வரலாம்: பாராமீட்டரின் தரவு வகையைத் தீர்மானிக்க முடியவில்லை என்று. சில டிரைவர்கள் (செயலியை டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்கள்) ஒரே பெயருள்ள பாராமீட்டரை இரண்டு தனித்தனிப் பாராமீட்டர்களாகப் பிரித்து அனுப்புகின்றன. 'இஸ் நல்' பக்கம் தனியாக நிற்பதற்கு ஒப்பிட ஆள் இல்லை, வகையும் தெரியவில்லை. அந்த இடத்தில் 'காஸ்ட்(:பகுதி ஆஸ் டெக்ஸ்ட்) இஸ் நல்' என்று எழுதினால் தீர்ந்தது.

## 7. 'நிரப்பப்படாதவை மட்டும்' என்பதற்குத் தனிப் பாராமீட்டர் வையுங்கள்

மூன்றாம் படியில் மூன்றாவது நிலை தேவை என்று கண்டிருந்தால், நிலையைத் தனியாக அனுப்புங்கள்:

```
வேர் (
     :நிலை = 'எல்லாம்'
  ஆர் (:நிலை = 'ஒருவர்' ஆண்ட் பொறுப்பாளர் = :பெயர்)
  ஆர் (:நிலை = 'யாருமில்லை' ஆண்ட் பொறுப்பாளர் இஸ் நல்)
)
```

புதியவர்கள் இங்கே 'மைனஸ் ஒன்று' அல்லது 'இல்லை' போன்ற ஒரு போலி மதிப்பை அதே பாராமீட்டரில் அனுப்பி, குவெரிக்குள் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ஓடும். ஆனால் அந்தப் போலி மதிப்பை அடுத்து வருபவர் உண்மையான மதிப்பு என்று நினைத்து டேபிளிலேயே எழுதிவிடும் நாள் வரும். தனிப் பாராமீட்டர் நீளமானாலும் நேர்மையானது. ஒரே ஒரு எச்சரிக்கை: நிலை ஒருபோதும் நல் ஆக வரக் கூடாது. வந்தால் மூன்று வரிகளில் எதுவும் உண்மையாகாது, பட்டியல் காலி. செயலியிலேயே அதற்கு இயல்பு மதிப்பாக 'எல்லாம்' கொடுத்துவிடுங்கள்.

இதற்கு 'இஸ் நாட் டிஸ்டிங்ட் ஃப்ரம்' பயன்படாதா என்று கேட்பவர்கள் உண்டு. நல்லும் நல்லும் சமம் என்று எடுத்துக்கொள்ளும் ஒப்பீடு அது. போஸ்ட்கிரஸில் நெடுங்காலமாக இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் 2022 பதிப்பிலிருந்து. மைஎஸ்கியூஎல்லில் அதே வேலைக்கு <=> குறி, எஸ்கியூலைட்டில் வெறும் 'இஸ்'. பழைய பதிவும் புதிய பதிவும் ஒன்றா என்று ஒப்பிடும் இடத்தில் அது அருமையான கருவி. தேடல் ஃபில்டரில் வைத்தால், ஒன்றும் தேர்ந்தெடுக்காதவருக்கு 'யாருக்கும் ஒதுக்காதவை' மட்டும் வரும். அது அவர் கேட்ட கேள்வி இல்லை.

ஜாங்கோவில் (பைதானில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) எழுதுகிறவர்களும் இதே இடத்தில் கவனிக்க வேண்டும். ஃபில்டருக்குள் 'நன்' (பைதானில் 'மதிப்பு இல்லை') மதிப்பைக் கொடுத்தால் அது தானாகவே இஸ் நல் என்று மாறும். ஆகவே 'கொடுக்கப்படவில்லை' என்ற பொருளில் வந்ததை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். இஃப் போட்டு, மதிப்பு இருந்தால் மட்டும் ஃபில்டரைச் சேருங்கள்.

## 8. 'தவிர' என்று வரும் எல்லா நிபந்தனைகளையும் தனியாகப் பாருங்கள்

சமம் என்று தேடும்போது நல் விழுவது பெரும்பாலும் சரிதான். செல்வியின் புகார்களைக் கேட்டவருக்கு ஒதுக்காதவை தேவையில்லை. எதிர்மறையில்தான் விழுகிறோம்.

```
வேர் பொறுப்பாளர் <> 'செல்வி'
```

செல்வியுடையவை இரண்டு. மீதி நான்கு வர வேண்டும். வருவது இரண்டாம் பதிவு மட்டும். ஒதுக்கப்படாத மூன்றும் போய்விட்டன. அவையும் வேண்டும் என்று இரண்டாம் படியில் முடிவு செய்திருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்:

```
வேர் (பொறுப்பாளர் <> 'செல்வி' ஆர் பொறுப்பாளர் இஸ் நல்)
```

ஜாங்கோவில் 'தவிர' என்பதற்கு உள்ள எக்ஸ்க்ளூட் இந்தச் சேர்க்கையைத் தானே செய்து, நல் உள்ளவற்றையும் உள்ளே வைத்துக்கொள்ளும். நேரடிக் குவெரி செய்யாது. ஒரே திட்டத்தில் இரண்டும் கலந்திருந்தால் அறிக்கையில் ஒரு எண்ணும் திரையில் ஒரு எண்ணும் வரும்.

அடுத்தது நாட் இன், அதாவது 'இந்தப் பட்டியலில் இல்லாதவை'. பணியாளர் என்று இன்னொரு டேபிள்; அதில் செல்வி, முருகன், ரஹீம். ரஹீமுக்கு இன்னும் புகார் எதுவும் ஒதுக்கவில்லை. வேலை இல்லாமல் இருப்பவர் யார் என்று கேட்கிறோம்:

```
செலக்ட் பெயர் ஃப்ரம் பணியாளர்
வேர் பெயர் நாட் இன் (செலக்ட் பொறுப்பாளர் ஃப்ரம் புகார்)
```

ரஹீம் வர வேண்டும். யாருமே வரமாட்டார்கள். உள்குவெரியில் ஒரே ஒரு நல் இருந்தாலும் போதும்: ரஹீம் செல்வி இல்லை, ரஹீம் முருகன் இல்லை, ரஹீம் நல் இல்லையா? தெரியாது. மொத்தமும் தெரியாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் பயன்படுத்துங்கள். அது பதிவு கிடைத்ததா இல்லையா என்று மட்டும் பார்க்கும்:

```
வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (
  செலக்ட் 1 ஃப்ரம் புகார் வேர் புகார்.பொறுப்பாளர் = பணியாளர்.பெயர்)
```

உள்குவெரியோடு நாட் இன் எழுதுவதையே பழக்கத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

பல தேர்வுப் பட்டியலும் இந்த வகைதான். 'செல்வி, யாருமில்லை' என்று இரண்டையும் டிக் செய்தவருக்காக இன் அடைப்புக்குள் நல்லைப் போட்டால் ஒதுக்காதவை வராது. இன் பட்டியலில் பெயர்களை மட்டும் வைத்து, பக்கத்தில் ஆர் போட்டு இஸ் நல் சேருங்கள். ஒன்றும் டிக் செய்யாமல் விட்டால் வெற்றுப் பட்டியல் உருவாகும். அது எஸ்கியூலைட்டில் ஓடும், மற்றவற்றில் பெரும்பாலும் இலக்கணப் பிழை. குவெரிக்கு அனுப்பும் முன்பே பிடித்துவிடுங்கள்.

## 9. தேதி வரம்பும் எழுத்துத் தேடலும்

தேதி வரம்பை பிட்வீன் ('இதிலிருந்து இதுவரை') போட்டு எழுதினால், ஒரு முனை நல் ஆனாலும் பட்டியல் காலியாகிவிடலாம். இரண்டு முனைகளையும் பிரித்து எழுதுங்கள்:

```
வேர் (:முதல் இஸ் நல் ஆர் முடிந்த_நாள் >= :முதல்)
  ஆண்ட் (:வரை இஸ் நல் ஆர் முடிந்த_நாள் <= :வரை)
```

"மார்ச் 5-க்குள் முடியாதவை" என்று கேட்டால் மட்டும், இன்னும் திறந்திருக்கும் புகார்களும் அதில் அடங்கும். அதற்கு இஸ் நல் சேர்க்க வேண்டும்.

உரையின் ஒரு துண்டை வைத்துத் தேடுவது லைக்; அதில் சதவீதக் குறி எந்த எழுத்துகளுக்கும் பொருந்தும். லைக் தேடலில் பாராமீட்டர் நல் என்றால், ஆரக்கிள் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் சதவீதக் குறியோடு ஒட்டிய சரமும் நல் ஆகிவிடும், ஒன்றும் பொருந்தாது. கோலெஸ் போட்டு வெற்றுச் சரமாக்கினால் வெறும் சதவீதக் குறிதான் மிஞ்சும். அது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைப்பார்கள். நல் உள்ள புலத்துக்குப் பொருந்தாது. நம் விவரம் புலத்தில் நல் வராது என்பதால் தப்பிக்கிறோம். மற்ற இடங்களில் ஆறாம் படியின் வடிவமே பாதுகாப்பு.

## 10. லெஃப்ட் ஜாயின் இருந்தால் ஃபில்டர் எங்கே உட்கார வேண்டும் என்று பாருங்கள்

லெஃப்ட் ஜாயின் இரண்டு டேபிள்களை இணைக்கும்: இடது பக்கத்துப் பதிவுகள் எல்லாம் வரும், இணை கிடைக்காத இடத்தில் நல் நிற்கும். எதை வைத்து இணைப்பது என்று சொல்வது ஆன் பகுதி. எல்லாப் பணியாளர்களையும், அவர்களிடம் உள்ள 'ஆ பிளாக்' புகார்களையும் காட்ட வேண்டும். பகுதி நிபந்தனையை வேரில் வைத்தால் முருகன் மட்டும் வருவார். பொருந்தும் புகார் இல்லாதவர்களுக்கு ஜாயின் நல் நிரப்பித் தருகிறது. வேர் அதைத் தூக்கி எறிகிறது. நிபந்தனையை ஆன் பகுதிக்கு மாற்றினால் மூவரும் வருவார்கள், செல்விக்கும் ரஹீமுக்கும் பக்கத்தில் காலி.

இதைவிட மோசமான வடிவம் ஒன்று உண்டு. ஆளுக்கு எத்தனை திறந்த புகார் என்று எண்ண, வேரில் 'முடிந்த_நாள் இஸ் நல்' என்று வைக்கிறார்கள். ரஹீமுக்குப் புகாரே இல்லை; ஜாயின் கொடுத்த நல் அங்கே நிற்கிறது; நிபந்தனை அதைத் திறந்த புகார் என்று உள்ளே விடுகிறது. கவுண்ட்(*) போட்டால் ரஹீம் பெயரில் 1. இல்லாத புகார் ஒன்று அவர் தலையில். நிபந்தனையை ஆனுக்கு மாற்றி, கவுண்ட்(புகார்.எண்) என்று எண்ணினால் செல்வி 1, முருகன் 1, ரஹீம் 0 என்று சரியாக வரும்.

## 11. வேகத்தைக் கடைசியில் பாருங்கள்

விடை சரியான பிறகுதான் இது. ஆறாம் படியின் வடிவம் சரியான விடை தரும். ஆனால் ஃபில்டர்கள் பத்து, டேபிள் பெரியது என்றால் மெதுவாகலாம். எந்தப் பாராமீட்டர் நல் ஆக வரும் என்று தெரியாமல் ஒரே திட்டத்தை (பதிவுகளை எந்த வழியில் தேடுவது என்ற முடிவை) எல்லாவற்றுக்கும் போடும்போது, டேட்டாபேஸ் தன் இண்டெக்ஸை (விரைவாகத் தேட உதவும் அட்டவணையை) நம்ப முடியாமல் முழு டேபிளையும் படிக்கிறது.

எஸ்கியூஎல் சர்வரில் குவெரியின் முடிவில் 'ஆப்ஷன் (ரீகம்பைல்)' போட்டால் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து மதிப்புகளுக்கு ஏற்பத் திட்டம் போடும். போஸ்ட்கிரஸ், தயார்செய்து வைத்த குவெரிக்கு முதல் ஐந்து முறை மதிப்பைப் பார்த்துத் திட்டம் போடும். அதன் பிறகு பொதுத் திட்டம் மலிவு என்று தோன்றினால் அதற்கு மாறிவிடும். "முதலில் வேகமாக இருந்தது, அப்புறம் திடீரென்று படுத்துவிட்டது" என்று யாராவது சொன்னால் இதைச் சோதியுங்கள்.

நான் விரும்பும் வழி வேறு: வந்த ஃபில்டர்களுக்கு மட்டும் நிபந்தனை வரியைச் செயலியில் சேர்த்துக் குவெரியைக் கட்டுவது. மதிப்புகளை எப்போதும் பாராமீட்டராகவே அனுப்புங்கள், சரத்தில் ஒட்டாதீர்கள். ஒட்டினால், பயனர் அடித்ததே கட்டளையாக ஓடும் ஊடுருவலுக்குக் கதவு திறந்தாயிற்று.

'பொறுப்பாளர் இஸ் நல்' என்று எழுத வேண்டிய இடத்தில் புலத்தைக் கோலெஸுக்குள் போட்டு வெற்றுச் சரத்தோடு ஒப்பிடுவதையும் விடுங்கள். புலத்தின் மேல் செயற்கூறு போர்த்தினால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. திறந்த புகார்களை அடிக்கடி தேடுகிறீர்கள் என்றால், போஸ்ட்கிரஸில் 'முடிந்த_நாள் இஸ் நல்' என்ற நிபந்தனையோடு, அந்தப் பதிவுகளுக்கு மட்டுமான பார்ஷியல் இண்டெக்ஸ் போடலாம். ஆரக்கிளில் ஒற்றைப் புல இண்டெக்ஸில் நல் பதிவுகள் சேராது. இண்டெக்ஸில் இரண்டாவதாக ஒரு மாறிலியைச் சேர்த்தால் அவையும் உள்ளே வரும்.

## 12. எண்ணிக்கை வைத்துச் சோதியுங்கள்

ஆறு பதிவு டேபிளை இப்போது வெளியே எடுங்கள். எதிர்பார்க்கும் விடைகள் இவை:

```
ஃபில்டர் இல்லை                        → 1, 2, 3, 4, 5, 6
பொறுப்பாளர் செல்வி                    → 1, 4
யாருக்கும் ஒதுக்காதவை                 → 3, 5, 6
செல்வி தவிர, ஒதுக்காதவையும் சேர்த்து    → 2, 3, 5, 6
அ பிளாக், யாருக்கும் ஒதுக்காதவை       → 3
மார்ச் 1 முதல் 5 வரை முடிந்தவை         → 1
```

முதல் வரியைத் தவறாமல் முதலில் ஓட்டுங்கள். அதில் ஆறு வராவிட்டால் மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம், ஆறாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். ஒரு ஃபில்டரும் அதன் எதிர்மறையும் கூட்டினால் முழு டேபிளும் கிடைக்காதபோது, வித்தியாசம் நல் பதிவுகளின் எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் எட்டாம் படியில் ஏதோ விட்டிருக்கிறீர்கள்.

வரிசைப்படுத்தலையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏறுவரிசையில் போஸ்ட்கிரஸும் ஆரக்கிளும் நல்லைக் கடைசியில் வைக்கும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் மூன்றும் முதலில் வைக்கும். பக்கம் பக்கமாகக் காட்டும் திரையில், ஃபில்டர் சரியாக இருந்தும் திறந்த புகார்கள் முப்பதாவது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "வரவே இல்லை" என்ற புகார் உங்களிடம் வரும்.